பல் மருத்துவம் முதலாம் ஆண்டு: எந்த லூப்ஸ் வாங்குவது?

சிப்புட்_மாணவி

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் பீடோங், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் சேரப் போகிறேன். லூப்ஸுக்கு, அதாவது பல்லைப் பெரிதாக்கிப் பார்க்க மருத்துவர்கள் மாட்டும் கண்ணாடிக்கு, வீட்டில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் கேட்க மனமில்லை. உயரம் 158 செ.மீ. கிட்டப்பார்வை உண்டு: வலது கண் மைனஸ் 3.25, இடது கண் மைனஸ் 3.00, வலதில் 0.75 சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் மங்கும் குறை).

இப்போது கையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஷாப்பி இணையக்கடையில் தலையில் மாட்டும் பட்டைக் கண்ணாடி, 2.5 மடங்கு, 90 வெள்ளி. அங்கேயே தூக்கி மடக்கும் 2.5 மடங்கு லூப்ஸ், 420 மி.மீ. என்று போட்டிருக்கிறது (340-உம் உண்டு), 380 வெள்ளி. படிப்பை முடிக்கும் சீனியர் அக்கா ஒருவர் 3.5 மடங்கு லூப்ஸை 1,200 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். பெருக்கிக் காட்டும் குழல் கண்ணாடியிலேயே பதிந்த வகை அது. நான்காவது வழி, மாமா சொல்வது: நகைக்கடை ஆசாரி கண்ணில் இடுக்கும் 10 மடங்கு கண்ணாடியே போதுமாம்.

எது சரி? விளக்கும் சேர்த்து வாங்கணுமா? முதல் வருஷத்திலேயே தேவையா?

ஈப்போ_பல்மருத்துவர்

தங்கச்சி, நான்கில் மூன்றை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

10 மடங்கு ஆசாரிக் கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவில் 2.5 செ.மீ.தான் இருக்கும். நகையைக் கையிலெடுத்துக் கண்ணருகே பிடிக்கலாம், நோயாளியின் வாயை அப்படிப் பிடிக்க முடியாது. தலைப்பட்டைக் கண்ணாடியும் அதே இனம்தான், ஒற்றை வில்லை. ஒற்றை வில்லையில் பெருக்கம் கூடக்கூடப் பார்க்கும் தூரம் சுருங்கிக்கொண்டே போகும். 2.5 மடங்குக்குச் சுமார் 20 செ.மீ. வரை குனிய வேண்டும். கழுத்து போகும், பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் கருவி தெளிக்கும் நீரும் எச்சிலும் நேரே முகத்துக்கு வரும்.

பல் லூப்ஸில் முன்னால் குவிவில்லை, கண் பக்கம் குழிவில்லை. கலிலியோ 1609-இல் வானத்துக்குத் திருப்பினாரே, அதே அமைப்பு. அதனால்தான் இதற்குக் கலிலியன் என்றே பெயர். இதில் பெருக்கத்தையும் தூரத்தையும் தனித்தனியாக அமைக்க முடியும், 2.5 மடங்கை 42 செ.மீ. தள்ளி உட்கார்ந்தே பார்க்கலாம்.

சீனியர் அக்காவின் லூப்ஸ் நல்ல பொருளாகவே இருக்கலாம். ஆனால் பதிந்த வகையில் இரு குழல்களுக்கும் இடையே உள்ள தூரம், அவை உள்பக்கம் சாயும் அளவு, கீழ்நோக்கும் கோணம், கண் பவர் எல்லாமே அவருடைய முகத்துக்கும் உயரத்துக்கும் அளந்து ஒட்டியவை. பிறகு எதையும் நகர்த்த முடியாது. அவருடைய கண்மணித் தூரம் (இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம்) 65 மி.மீ., உங்களுடையது 60 என்றால் இரு வட்டங்கள் ஒன்றாகச் சேராது. சேர்க்கக் கண் படாத பாடுபடும், மாலையில் தலைவலிதான் மிச்சம். பதிந்த லூப்ஸைப் பழையதாக வாங்காதீர்கள். தூக்கி மடக்கும் வகையைப் பழையதாக வாங்கலாம், அதில் குழல்களின் இடைவெளியும் கோணமும் நகரும்.

வாங்கும்போது பெருக்கத்தை முதலில் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதலில் பார்க்க வேண்டியது வேலைத் தூரம், அதாவது கண்ணிலிருந்து பல் வரை. அடுத்தது கீழ்நோக்கும் கோணம். பெருக்கம் இவற்றுக்குப் பிறகுதான். தூரம் தப்பான லூப்ஸ் உங்களைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். படம் தெளிவாகத் தெரியும் இடத்துக்கு உடம்பு தானாக நகரும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள்.

வீட்டிலேயே அளக்கலாம். கைப்பிடியில்லாத நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில், தொடை முழங்காலை நோக்கிக் கொஞ்சம் சரிந்திருக்கட்டும். மேற்கை விலாவோடு ஒட்டி, முழங்கையைச் செங்கோணத்துக்குச் சற்று மேலே மடக்கி, இரு கைவிரல்களும் நெஞ்சுக்குக் கீழே சந்திக்கும்படி பேனா ஒன்றைப் பிடியுங்கள். அந்தப் பேனா முனைதான் பல். தலையைக் கொஞ்சம் மட்டும் தாழ்த்தி, மீதியைக் கண்ணால் பாருங்கள். இப்போது வேறொருவர் தையல் டேப்பைக் கண்ணின் வெளிமுனையில் வைத்துப் பேனா முனை வரை அளக்கட்டும். நீங்களே அளந்தால் கை அசைந்து அளவு கெடும். எழுந்து நடந்துவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்து, ஐந்து முறை அளந்து நடு அளவை எடுங்கள்.

பக்கவாட்டில் ஒரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து 20 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் அந்த அளவை எடுக்காதீர்கள். தலையின் எடையே 4.5 முதல் 5 கிலோ. சாயச் சாய அதைத் தாங்குவது கழுத்தின் பின்தசைகள்தான்.

சிப்புட்_மாணவி

ரொம்ப நன்றி டாக்டர். அம்மா டேப் பிடிக்க ஐந்து முறை அளந்தோம்: 39, 41, 42, 41, 40. அப்படியென்றால் 420 மி.மீ. சரியா, 340 வாங்கணுமா? பெருக்கம் 2.5 போதுமா? வகுப்புக் குழுவில் எல்லாரும் 3.5 என்றுதான் பேசுகிறார்கள்.

ஈப்போ_பல்மருத்துவர்

நடு அளவு 41. 420-ஐ எடுங்கள். 340 வாங்கினால் 7 செ.மீ. கூன் விழும், அது வருஷக்கணக்கில் நிற்கும்.

2.5-இல் வாய் முழுவதும் ஏறக்குறைய ஒரே பார்வையில் அடங்கும். மேல் தாடையிலிருந்து கீழ்த் தாடைக்கு மாறும்போதும் தொலைந்து போகமாட்டீர்கள். குவியும் ஆழமும் அதிகம், அதாவது தலை முன்பின் 2, 3 செ.மீ. அசைந்தாலும் படம் கலையாது. 3.5-க்கு மேல் தரமாகக் காட்டுபவை பெரும்பாலும் கெப்ளர் வகை. அதில் படம் தலைகீழாக விழும், நிமிர்த்த உள்ளே பட்டகம் வைக்க வேண்டும், அதனால் நீளமும் எடையும் கூடும், பார்வை வட்டமும் சிறுக்கும். வேர்க்கால்வாய்ச் சிகிச்சையில் மேல் முதல் கடைவாய்ப் பல்லின் நான்காவது கால்வாயைத் தேடும்போது அந்தப் பெருக்கம் உதவும். முதல் வருஷத்தில் அந்த வேலை வராது.

இன்னொன்று, ஒரு கம்பெனியின் 2.5-உம் மற்றொன்றின் 2.5-உம் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். அதைக் கீழே யாராவது எழுதினால் நல்லது, எனக்கு நோயாளி காத்திருக்கிறார்.

கண்ணாடிக்கடை

பவர் பற்றி நான் சொல்கிறேன். டாக்டர் சொன்ன தூரக் கணக்கு முழுதும் இதில்தான் கவிழும்.

லூப்ஸ் வழியாகப் பார்க்கும்போது கண் தூரத்தில் பார்ப்பதுபோல் தளர்ந்திருக்க வேண்டும். அப்படித்தான் அமைக்கிறார்கள். எனவே உங்கள் தூரப்பார்வைப் பவர் முழுவதும் கண்ணாடியில் இருக்கணும். "கிட்டப்பார்வைதானே, கிட்டத்தில் கண்ணாடி இல்லாமலே தெரியும்" என்று வெறும் கண்ணில் லூப்ஸை மாட்டினால் என்ன நடக்கும்? லூப்ஸுக்குப் பின்னால் இருக்கும் பவர் குறை, முன்னால் பெருக்கத்தின் இருமடியால் வகுபட்டு வெளிப்படும். 2.5 மடங்குக்கு 6.25-ஆல் வகுக்க வேண்டும். 3.25-ஐ 6.25-ஆல் வகுத்தால் 0.52. 42 செ.மீ. தூரத்தைப் பவர் அலகான டயாப்டரில் சொன்னால் 2.38 (1-ஐ 0.42 மீட்டரால் வகுத்தது). இரண்டையும் கூட்டினால் 2.90, அதாவது சுமார் 34.5 செ.மீ. நீங்கள் 420 வாங்கியும் 345-இல் குனிந்திருப்பீர்கள்! சிலிண்டர் வேறு திருத்தப்படாமல் கிடக்கும், விளிம்புகள் ஒரு திசையில் மட்டும் மங்கும்.

அதே கணக்கு நல்ல செய்தியும் சொல்கிறது. வருஷத்தில் பவர் 0.50 ஏறினால் குவியும் இடம் சுமார் 1.4 செ.மீ.தான் நகரும். ஓடிப்போய் மாற்ற வேண்டியதில்லை. 1.00 ஏறினால் 2.5 செ.மீ.க்கு மேல் போகும், அப்போது மாற்றுங்கள். இந்த வயதில் கிட்டப்பார்வை இன்னும் ஏறலாம். பதிந்த வகையில் பவர் மாறினால் சட்டத்தின் கண்ணாடியோடு குழலின் கண்பக்க வில்லையையும் மாற்ற வேண்டும், அதற்குத் தொழிற்சாலைக்கே அனுப்பணும். தூக்கி மடக்கும் வகையில் குழல் வெளியே நிற்கிறது. சட்டத்தில் இருக்கும் சாதாரண வில்லையைக் கழற்றி உங்கள் பவர் வில்லையை எந்தக் கண்ணாடிக்கடையிலும் போடலாம். உங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

போடும்போது பாலிகார்பனேட் கேளுங்கள். பல் துண்டும் உலோக நிரப்பியின் சில்லும் வேகமாகப் பறக்கும், சாதாரண வில்லை தாங்காது. சட்டத்தில் பக்கத் தடுப்பு இருக்கிறதா பாருங்கள். மூக்குத்தண்டு தாழ்வாக இருந்தால் நகர்த்தக்கூடிய மூக்குப்பட்டை உள்ள சட்டம்தான் நிற்கும். இல்லாவிட்டால் எடை முன்னால் இழுத்து மூக்கு நுனிக்கு வந்துவிடும், அளந்து வைத்த கோணமெல்லாம் வீணாகும்.

கண்மணித் தூரத்தை ஈப்போவுக்குப் போய்த்தான் அளக்கணும் என்றில்லை, சுங்கை சிப்புட்டில் உள்ள கண்ணாடிக்கடையிலேயே அளக்கலாம். வலது, இடது தனித்தனியாகக் கேளுங்கள். மூக்கு நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பது குறைவு. 31, 29.5 என்பதுபோல் எழுதித் தருவார்கள். லூப்ஸின் இரண்டு குழல்களையும் அதன்படி நகர்த்தி வையுங்கள்.

பாண்டம்_லேப்

முதல் வருஷத்தில் தேவையா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்து: சேர்ந்த உடனே வேண்டாம்.

முதலில் வெறும் கண்ணால், சரியாக உட்காரவும் வாய்க்குள் வைக்கும் சிறு முகக்கண்ணாடியில் பார்த்து வேலை செய்யவும் கை பழகட்டும். பாண்டம் தலை எனும் பயிற்சிப் பொம்மைத் தலையில் பிளாஸ்டிக் பல்லை வெட்டத் தொடங்கி ஆறேழு வாரம் ஆன பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். இன்றைய 41 அன்றைக்கு 43-ஆக இருக்கலாம். வீட்டு நாற்காலி வேறு, லேப் நாற்காலி வேறு. அதுவரை பணம் கையில் இருக்கட்டும்.

ஈப்போ_பல்மருத்துவர்

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தப்பாக உட்காரும் பழக்கம் அந்த ஆறேழு வாரத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது. தூரம் சரியாக அமைந்த லூப்ஸ், குனிந்தால் மங்கலாகக் காட்டும். அதுவே ஒரு வாத்தியார். ஆனால் "தூரம் சரியாக அமைந்த" என்பதை அடிக்கோடிடுங்கள். தப்பான லூப்ஸை முதல் நாளிலிருந்து போடுவதற்குப் பதில் நண்பர் சொல்வதுபோல் காத்திருப்பது எவ்வளவோ மேல். 380 வெள்ளி வகையில் கோணமும் கண்மணித் தூரமும் மாற்றலாம், வேலைத் தூரத்தை மட்டும் மாற்ற முடியாது. அதனால் லேப்பில் உட்கார்ந்து அளக்கும் வரை காத்திருந்து, அந்த வாரமே வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பாண்டம்_லேப்

சரி, அதில் ஒத்துப்போகிறோம். சோதனையை நான் எழுதுகிறேன். இணையத்தில் வாங்கும் லூப்ஸைத் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். தேவை ஒரு கோடு போட்ட பள்ளி நோட்டும் டேப்பும்.

முதலில் பெருக்கம். நோட்டைச் சுவரில் சாய்த்து, 42 செ.மீ. தள்ளி உட்காருங்கள். ஒரு கண்ணால் குழல் வழியாகவும் மறு கண்ணால் குழலுக்கு வெளியேயும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஒரு குழலை மட்டும் பயன்படுத்த வேண்டும், மற்றதை ஒதுக்கியோ கழற்றியோ வையுங்கள். இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். குழலுக்குள் தெரியும் ஒரு பெரிய இடைவெளிக்குள் வெளியே தெரியும் சிறு இடைவெளிகள் எத்தனை அடங்குகின்றன என்று எண்ணுங்கள். இரண்டரை அடங்கினால் 2.5 மடங்கு. இரண்டுதான் அடங்கினால் பெட்டி பொய் சொல்கிறது.

அடுத்தது ஆழம். இரு குழலிலும் பார்த்தபடி நோட்டை மெதுவாக நெருக்கி, கோடு மங்கும் இடத்தை அளந்து குறியுங்கள். பிறகு தள்ளி, மறுபடி மங்கும் இடத்தைக் குறியுங்கள். உங்கள் 41 அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் அந்த லூப்ஸ் உங்களுக்கு இல்லை. இதைப் பவர் வில்லை போட்டபின்தான் செய்ய வேண்டும். அதற்கு முன் பார்க்கணும் என்றால் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு பாருங்கள்.

கடைசியாக, என் கணக்கில் மிக முக்கியமானது, இரு குழல்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பது. ஒரு கிடைக்கோட்டை உற்றுப் பார்த்தபடி வலது கண்ணை மூடித் திறங்கள், பிறகு இடது கண். கோடு மேலும் கீழும் குதித்தால் குழல் ஒன்று கோணல். பக்கவாட்டு வித்தியாசத்தைத் திருகால் சரி செய்யலாம். மேல்கீழ் வித்தியாசத்தை மலிவு வகைகளில் சரி செய்யத் திருகே கிடையாது. பேசாமல் திருப்பி அனுப்புங்கள். கண் அதைப் பொறுத்துக்கொண்டு ஒன்றாக்கிக் காட்டும், விலையாகத் தலைவலியைத் தரும்.

எல்லாம் சரியென்றால் கோணம். குழல் முடிந்தவரை கீழே நோக்கட்டும், ஆனால் கன்னத்தையோ முகக்கவசத்தையோ தொடக்கூடாது. பக்கவாட்டுப் படம் எடுத்துக் கழுத்தைப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் திருகுகளின் நிலையை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மலிவு வகையில் திருகு தளர்வதுதான் தீராத நோய். கோடு விலகியிருந்தால் காலையிலேயே தெரிந்துவிடும்.

இப்போது 45 பாகை அளவுக்குப் பார்வையை வளைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தே வாயைப் பார்க்க வைக்கும் புது வகையும் வருகிறது. கழுத்துக்கு நல்லதுதான். ஆனால் கை இருக்கும் இடமும் கண் பார்க்கும் திசையும் வேறாவதால் பழக நாளாகும், எடையும் விலையும் கூட. 1,500-க்குள் அதைத் தேடவேண்டாம்.

சிப்புட்_மாணவி

நோட்டுச் சோதனை அருமை, எழுதி வைத்துக்கொண்டேன். விளக்கு பற்றிச் சொல்லுங்களேன். 380 வெள்ளி லூப்ஸோடு விளக்கும் சேர்த்து 520 என்று போட்டிருக்கிறது.

ஈப்போ_பல்மருத்துவர்

2.5-க்கு நாற்காலி விளக்கே போதும். பெருக்கம் கூடும்போதுதான் படம் இருளும், 3.5-க்கு மேல் விளக்கு இல்லாமல் முடியாது. இருந்தாலும் தலைவிளக்கின் ஆதாயம் வெளிச்சத்தைவிட நிழலில்தான். ஒளி பார்வையோடு ஒட்டியே போவதால், கைநிழலும் கன்ன நிழலும் கடைவாயில் விழாது. இப்போது வாங்காவிட்டாலும், பின்னர் மாட்ட மூக்குப்பாலத்தில் இடம் இருக்கும் சட்டமாகப் பாருங்கள்.

வாங்கினால் 5,000 முதல் 5,700 கெல்வின் வெள்ளை நிறம் தேடுங்கள். நீலம் தூக்கலான விளக்கில் பல்லின் நிறம் தப்பாகத் தெரியும். எண்ணிக்கைக்காக அதிக லக்ஸ் (வெளிச்ச அளவு) வாங்கவேண்டாம். ஈரமான எனாமல் கண்ணாடிபோல் திருப்பி அடிக்கும், கண் கூசும். மின்கலம் இடுப்பில் மாட்டும் வகையே உங்களுக்கு ஏற்றது. நெற்றியில் சுமப்பதெல்லாம் கடைசியில் மூக்கில்தான் உட்காரும்.

கண்டிப்பாக வேண்டியது ஆரஞ்சு வடிகட்டி. பல் நிற நிரப்பியான காம்போசிட்டில் இருக்கும் காம்பர்குவினோன் 470 நானோமீட்டர் அருகே நீல ஒளியை விழுங்கித்தான் இறுகத் தொடங்குகிறது. வெள்ளை எல்.இ.டி.யிலும் அந்த நீலம் இருக்கிறது. வடிகட்டி இல்லாமல் நெருங்கிப் பிடித்தால், நீங்கள் வடிவமைத்து முடிக்கும் முன்பே மேல்தோல் ரப்பர்போல் ஆகிவிடும். கருவியில் ஒட்டி இழுபடும், ஓரத்தில் இடைவெளி விழும்.

இறுக்கும் நீல விளக்கை லூப்ஸ் வழியாக ஒருபோதும் நேரே பார்க்காதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தீர்வில்லை, கை நகர்ந்து ஒளி பல்லை விட்டு விலகிவிடும். ஆரஞ்சுத் தடுப்பு வைத்துப் பார்த்தபடியே பிடியுங்கள்.

கேமரா_ரிப்பேர்

பல் மருத்துவம் எனக்குத் தெரியாது, வில்லை தெரியும். நம் ஊரில் லூப்ஸைக் கொல்வது பூஞ்சை. மழைக்காலத்தில் தோட்டப்பக்க வீடுகளில் ஈரப்பதம் வாரக்கணக்கில் இறங்காது. துணி உறைக்குள் மூடிய பெட்டியில் வைத்தால் வில்லைக்குள் சிலந்திவலை போல் படரும். அதன் அமிலம் பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

ரப்பர் விளிம்பு உள்ள சாப்பாட்டு டப்பா, உள்ளே ஒரு சிறு ஈரமானி, சிலிக்கா ஜெல் 100 கிராம். முள் 40-க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையே நிற்கட்டும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், நீல நிறத்தில் கோபால்ட் இருக்கிறது. ஆரஞ்சு பச்சையானதும் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் உயிர்பெறும். ரசகற்பூர உருண்டை போடாதீர்கள், ஆவி வில்லையில் படியும். வியர்வையோடு உள்ளே வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது, ஒட்டுப்பசை இளகும்.

பாண்டம்_லேப்

சுத்தம் செய்வதையும் சேர்த்துவிடுகிறேன். முதலில் நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி. பிளாஸ்டிக் பல்லின் தூளும் மெருகேற்றும் பியூமிஸ் பொடியும் மணல்தான், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும். அதன்பிறகு கிருமிநாசினித் துடைப்பான், அதன் உறையில் அச்சிட்டிருக்கும் நிமிடக் கணக்கு வரை ஈரமாக இருக்கட்டும். மீண்டும் நீர்த்துணி, பிறகு மைக்ரோஃபைபர். திசுக்காகிதம் வேண்டாம். தண்ணீரில் முக்கவோ குழல் மேல் நேரடியாகத் தெளிக்கவோ கூடாது, இணைப்பு வழியாக உள்ளே போகும். கையுறையோடு குழலைத் தூக்கி மடக்காதீர்கள், அதற்கென்று கழற்றிக் கழுவும் பிடி வருகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

சிப்புட்_மாணவி

முடிவு செய்துவிட்டேன். சீனியர் அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லேப் தொடங்கி அளந்தபின் தூக்கி மடக்கும் 2.5, விளக்கு இல்லாமல். பவர் வில்லைக்கும் டப்பாவுக்கும் போக மீதி அப்படியே இருக்கும். ஒரே ஒரு சந்தேகம்: வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு 380 வெள்ளியோடு வரியும் சேர்ந்து வருமா?

கண்ணாடிக்கடை

வரும். 500 வெள்ளிக்குள் இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. பதிவு செய்த தளங்கள் பணம் கட்டும்போதே சேர்த்துவிடும். 380-க்கு 38 வெள்ளி, அனுப்பும் செலவு தனி. உள்ளூர்க் கிடங்கிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள், கோணல் குழலைத் திருப்பி அனுப்ப அது சுலபம்.

கண்மணித் தூரத்தை எழுதி வாங்கும்போது தேதியும் போடச் சொல்லுங்கள்.

சிப்புட்_மாணவி

போய் அளந்துவிட்டேன். வலது 30.5, இடது 30. தேதி போட்டு வாங்கியாச்சு.

பாண்டம்_லேப்

அந்தச் சீட்டை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். லேப் நாற்காலியில் அளந்ததும் வேலைத் தூரத்தையும் அதன் கீழேயே எழுதி, இங்கே போடுங்கள். 420-க்கு அது ஒத்துவருகிறதா என்று பார்த்துச் சொல்கிறோம்.